நரேட்டர்: கதைசொல்லியா, வாசிப்பாளரா?

ஜேம்ஸ் லீ பர்க் எழுதிய டேவ் ரோபிஷோ வரிசை க்ரைம் நாவல்களைப் புத்தகமாகப் படித்தவர்களிடம் ‘நரேட்டர் எப்படி?’ என்று கேட்டால் ரோபிஷோவைப் பற்றிச் சொல்வார்கள். வியட்நாம் போருக்குப் போய்வந்தவர். நியூ ஆர்லியன்ஸ் போலீசில் இருந்துவிட்டு, பின்னாளில் லூசியானாவின் நியூ ஐபீரியாவில் ஷெரிஃப் அலுவலகத் துப்பறிவாளர் ஆனவர். குடியோடு ஓயாமல் மல்லுக்கட்டுபவர். கதையை ‘நான்’ என்று சொல்பவர். அதே நாவல்களை ஆடியோபுக்காகக் கேட்டவர்களிடம் இதே கேள்வியைக் கேளுங்கள், வில் பேட்டன் என்று பதில் வரும். அவர் நடிகர், தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் பிறந்தவர். இந்த வரிசையில் பல நாவல்களுக்குக் குரல் கொடுத்தவர்.

இரண்டு பதிலும் சரிதான். ஆனால் ‘இந்தப் புத்தகத்தில் நரேட்டர் ரொம்பத் தளர்ந்துவிட்டார்’ என்று ஒருவர் எழுதினால் யாரைச் சொல்கிறார்? வயதாகிவிட்ட ரோபிஷோவையா, பேட்டனின் குரலையா? ஆங்கிலத்தில் முன்பின் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். தமிழில் எழுதும்போது சொல்லோடு சேர்த்து இந்தக் குழப்பத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டிய தேவை நமக்கு இல்லை.

நரேட்டர் என்பதன் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘நர்ராரே’ என்றால் எடுத்துச் சொல்வது, தெரியப்படுத்துவது. அதற்கும் அடியில் ‘க்னாருஸ்’ என்ற சொல் இருக்கிறது. விஷயம் அறிந்தவர் என்று பொருள். அறிவைக் குறிக்கும் அந்தப் பழைய வேரிலிருந்துதான் ஆங்கிலத்தின் ‘நோ’வும் வடமொழியின் ‘ஞான’மும் வந்தன. ஆக, நரேட்டர் என்பவர் வெறுமனே சொல்பவர் இல்லை, தெரிந்து சொல்பவர். க்ரைம் நாவலுக்கு இது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்: யாருக்கு என்ன தெரியும், அதில் எவ்வளவு நம்மிடம் சொல்கிறார் என்பதில்தான் அந்த வகை நாவலே நிற்கிறது. இன்னொரு சுவையான செய்தி: 1755இல் வந்த தன் அகராதியில் சாமுவேல் ஜான்சன், ‘நரேட்’ என்ற வினைச்சொல்லை ஸ்காட்லாந்தில் மட்டும் வழங்குவது என்று குறித்து வைத்தார். இன்று உலகம் முழுக்கப் புழங்கும் சொல், ஒரு காலத்தில் வட்டார வழக்காகப் பார்க்கப்பட்டிருக்கிறது.

குரல் கொடுப்பவருக்கு இந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது பின்னாளில்தான். 1930களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை இசைத்தட்டில் பதியத் தொடங்கினார்கள். ‘டாக்கிங் புக்’, அதாவது பேசும் புத்தகம், என்றார்கள். பிரிட்டனில் 1935இல் முதலில் வந்தவற்றில் ஒன்று அகதா கிறிஸ்டியின் ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’. கதையை யார் சொல்கிறார், எப்படிச் சொல்கிறார் என்பதிலேயே மொத்தச் சூட்சுமத்தையும் வைத்திருக்கும் நாவல் அது. (படிக்காதவர்களுக்காக இதற்குமேல் வாய் திறக்கமாட்டேன்.) பேசும் புத்தகம் பிறந்த காலத்திலேயே இரண்டு நரேட்டர்களும் ஒரே தட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்! 1952இல் நியூயார்க்கில் பார்பரா ஹோல்ட்ரிட்ஜ், மேரியன் மான்டெல் என்ற இரண்டு இளம்பெண்கள் தொடங்கிய கேட்மன் நிறுவனம், டிலன் தாமஸ் போன்ற எழுத்தாளர்களையே தங்கள் படைப்பை வாசிக்க வைத்தது. கேசட் வந்து, கார் ஓட்டிக்கொண்டே முழு நாவலையும் கேட்கலாம் என்றான பிறகு, மணிக்கணக்கில் வாசித்து நடிக்கத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். அது தனித் தொழிலானது. இன்று அமெரிக்க ஒலிநூல்களுக்கான (ஆடியோபுக்) ‘ஆடி’ (Audie) விருதுகளில் நரேட்டர்களுக்கென்றே பரிசுகள் உண்டு.

சரி, தமிழுக்கு வருவோம். நரேட்டருக்கு உடனே நினைவுக்கு வரும் சொல் ‘கதைசொல்லி’. விறகுவெட்டி, பூச்சிக்கொல்லி என்பதைப் போல, வினையோடு இகரம் சேர்ந்து அதைச் செய்பவரைக் குறிக்கும் நல்ல தமிழ் அமைப்பு. விமர்சனத்தில், கதைக்குள் இருந்து கதையைச் சொல்லும் ஆளுக்கு அது நிலைத்துவிட்டது. வாய்மொழியாகக் கதை சொல்பவருக்கும் அதே பெயர்தான், கி. ராஜநாராயணன் தான் நடத்திய இதழுக்கே ‘கதைசொல்லி’ என்று பெயர் வைத்தார். ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கும் சொல் இது. ஒலிநூலுக்குக் குரல் கொடுப்பவரையும் இதன் தலையில் ஏற்றக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். வில் பேட்டன் கதை சொல்லவில்லை. பர்க் எழுதிய, ரோபிஷோ சொல்லும் கதையை, எழுத்து மாறாமல் அவர் வாசிக்கிறார். எழுத்தாளர், கதைசொல்லி, வாசிப்பவர் என்று மூன்று பேர் இருக்கிறார்கள். மூவருக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும். வாசிப்பவரை ‘வாசிப்பாளர்’ என்றே சொல்லலாம் என்பது என் பரிந்துரை.

அமெரிக்கத் தென்மாநில க்ரைம் நாவல்களில் இந்தப் பிரிவினை ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அங்கே குரலே கதையின் பாதி. ‘சதர்ன் ஆக்சென்ட்’ என்று ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுகிறார்கள், ஆனால் அது ஒன்றல்ல. அப்பலாச்சிய மலைப்பேச்சு வேறு, பழைய சார்ல்ஸ்டன் பேச்சு வேறு. ரோபிஷோவின் ஊரில் பிரெஞ்சு வாடை வீசும் கேஜுன் ஆங்கிலம். அவருடைய ஆருயிர் நண்பர் கிளீட் பர்செல் நியூ ஆர்லியன்ஸின் ஐரிஷ் சேனல் பகுதிக்காரர். அந்த நகரத்தின் உழைக்கும் மக்கள் பேச்சு, கேட்பவர்களுக்கு நியூயார்க்கை நினைவூட்டும். இத்தனைக்கும் சேர்த்து ஒரே இழுவையைப் பூசிவிட்டால், அந்த ஊர்க்காரர்களுக்குக் காது கூசும். தென்மாநில ஒலிநூல்களைப் பற்றி வரும் கோபமான கருத்துகளில் பெரும்பங்கு இதுதான்: ஆள் நம்ம ஊர் இல்லை, பேச்சு போலி. இந்தக் குறை வாசிப்பாளர் மேல் வைக்கப்படுவது, கதைசொல்லி மேல் அல்ல. இரண்டையும் ‘நரேட்டர் சரியில்லை’ என்ற ஒரே வாக்கியத்தில் போட்டால், பாவம், எழுத்தாளருக்கும் சேர்த்து மதிப்பெண் குறைகிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. எஸ். ஏ. காஸ்பியின் நாவல்களில் பல தென்கிழக்கு வர்ஜீனியாவில் நடப்பவை. பெரும்பாலும் படர்க்கையில் எழுதப்பட்டவை, அவற்றில் ‘நான்’ என்று பேச உள்ளே ஆளே கிடையாது. இவற்றை வாசித்தவர் ஆடம் லசார்-வொயிட் என்ற நடிகர். 2021இல் வந்த ‘ரேஸர்பிளேட் டியர்ஸ்’ நாவலில் இரண்டு தகப்பன்மார். ஐக் ராண்டால்ஃப் கறுப்பினத்தவர், பட்டி லீ ஜென்கின்ஸ் வெள்ளையர். இருவரும் சிறைக்குப் போய்வந்தவர்கள். ஒருவரையொருவர் மணந்துகொண்ட தங்கள் மகன்களை உயிரோடு இருந்தபோது ஏற்க மறுத்தவர்கள். இரண்டு பிள்ளைகளும் கொல்லப்பட்ட பிறகு பழிவாங்கச் சேர்ந்து கிளம்புகிறார்கள். இந்த இருவரையும், இருவருக்கும் நடுவில் நிற்கும் ஊர் பேர் இல்லாத கதைசொல்லியையும் ஒரே தொண்டை தாங்கியாக வேண்டும். பட்டி லீயின் ஆங்கிலமும் ஐக்கின் ஆங்கிலமும் ஒரே மாநிலத்தின் பேச்சுதான், ஆனால் இரண்டு வாழ்க்கையின் பேச்சு. கேட்டவர்கள் ‘நரேட்டருக்காகவே கேட்கலாம்’ என்று உருகுவது இந்த மாதிரி வேலையைப் பார்த்துத்தான். புத்தகத்தில் கிட்டத்தட்டக் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த கதைசொல்லிக்கு, இங்கே வாசிப்பாளர் உடம்பு கொடுத்துவிடுகிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தென்மாநில நாவல்களில் இனவெறி வசைச்சொற்கள் வரும்; அந்த வரலாற்றை மழுப்பாமல் எழுதினால் வராமல் இருக்காது. அச்சில் கண் அதைச் சட்டென்று தாண்டிவிடும். காதால் தாண்ட முடியாது. ஒரு மனிதக் குரல் அதை முழுதாக உச்சரிக்கிறது. ஒலிநூலைப் பாதியில் நிறுத்தினேன் என்று சொல்பவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அந்தச் சொல் கதைமாந்தரின் வாயிலிருந்து வருவது. வாசிப்பாளர் தன் தொழிலைச் செய்கிறார். பெயர் பிரிந்திருந்தால், கோபமும் போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

‘வாசிப்பாளர்’ என்ற சொல்லுக்கு வரக்கூடிய ஆட்சேபம் எனக்குத் தெரிகிறது. செய்தி வாசிப்பாளர் என்று கேட்டுக் கேட்டு, அந்தச் சொல்லில் ஒரு தட்டையான, உணர்ச்சி காட்டாத தொனி ஏறிவிட்டது. நாவலுக்கு உயிர் கொடுப்பவரை அப்படிச் சொல்லலாமா என்பார்கள். தாராளமாகச் சொல்லலாம். தமிழில் வீணையை வாசிக்கிறோம், நாதஸ்வரம் வாசிக்கிறோம். ஏட்டில் எழுதி வைத்ததை ஒலியாக்குவதற்கும், கருவியில் உயிர் எழுப்புவதற்கும் நம் பேச்சில் ஒரே வினை. வேறு எந்தச் சொல்லிலும் இந்த வசதி இல்லை. ‘வாசி’ வடமொழி வழி வந்தது என்று தள்ளினால் மிஞ்சுவது படிப்பவர், ஓதுபவர். படிப்பவர் என்றால் மனதுக்குள் படிப்பவரும் அதில் வந்துவிடுவார். ஓதுவார் என்பது கோயிலில் தேவாரம் பாடுபவருக்கே உரிய பெயர். ‘குரல் கலைஞர்’ என்றால் விளம்பரம், டப்பிங் எல்லாம் உள்ளே வந்துவிடும்.

எழுதியவர், வாசிப்பவர், விளக்குபவர் என்று ஆட்களைப் பிரித்துப் பார்ப்பது நமக்குப் புதிதும் இல்லை. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராண படனம் நடக்கும்போது ஒருவர் பாட்டை ராகத்தோடு வாசிப்பார், இன்னொருவர் பயன் சொல்வார். கச்சியப்பர் எழுதியதை இவர் வாசிக்கிறார், அவர் பொருள் விரிக்கிறார் என்பதில் கேட்கிற யாருக்கும் குழப்பம் வராது.

ஆடியோபுக்குக்கு ‘ஒலிநூல்’ என்பது பரவலாகிவிட்டது, ‘ஒலிப்புத்தகம்’ என்றும் சொல்கிறார்கள், எதுவானாலும் சரி. ‘ஒலிச்சித்திரம்’ மட்டும் வேண்டாம். அது திரைப்படத்தின் ஒலியைச் சுருக்கி வானொலியில் போட்டதற்கு வைத்த பெயர்.

ஆக, விமர்சனம் எழுதுகிறவர்கள் இப்படி எழுதலாம்: ‘கதைசொல்லி ரோபிஷோ பல இடங்களில் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறார், வாசிப்பாளர் பேட்டன் அந்த இடங்களில் குரலைத் தாழ்த்துகிறார்.’ ஒரே வாக்கியத்தில் இரண்டு பேரும் தெளிவாக நிற்கிறார்கள். பல நடிகர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசும் பதிவு என்றால், அங்கே அவர்கள் குரல் நடிகர்கள்; இடையில் வர்ணனையைச் சொல்பவர் மட்டும் வாசிப்பாளர். அப்புறம், இப்போது கணினி உருவாக்கும் குரலிலும் ஒலிநூல்கள் வரத் தொடங்கிவிட்டன. அவற்றுக்கு ‘வாசிப்பாளர்’ என்று போட வேண்டாம். ‘ஆளர்’ என்ற விகுதி ஆளைக் குறிப்பது. ‘இயந்திர வாசிப்பு’ என்று அட்டையிலேயே போட்டுவிட்டால், வாங்குகிறவர் தெரிந்தே வாங்குவார்.