கழுத்து நிற்காத பிள்ளையைக் காரில் கொண்டுபோக: எங்கே, எப்படிக் கேட்பது

இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது 1996இல். அதைக் காட்டி எந்த மேசையிலும் பிள்ளைக்குக் காரில் தாங்கிப் பிடிக்கும் இருக்கை வாங்க முடியாது. நீங்கள் போகவேண்டியது உங்கள் பிரதேச செயலகத்து சமூக சேவை உத்தியோகத்தரிடம். துணைச் சாதனங்களுக்கான விண்ணப்பம் அங்கேதான்.

பெரும்பாலான தாய்மார் சறுக்குவது வைத்தியரின் கடிதத்தில். "பெருமூளை வாதம்" என்று மட்டும் எழுதியிருந்தால், சக்கர நாற்காலிப் படிவத்தை நீட்டிவிடுவார்கள். "சக்கர நாற்காலி தந்தாயிற்றே" என்று அப்புறம் கோப்பையும் மூடிவிடுவார்கள். ஆகவே போதனா வைத்தியசாலை கிளினிக்கிலேயே கேட்டு எழுதுவியுங்கள்: கழுத்தும் முதுகும் தானாக நிற்காது, வாகனத்தில் தாங்கிப் பிடிக்கும் இருக்கையும் பட்டிகளும் தேவை என்று. நோயின் பெயரைவிட, பிள்ளையால் என்ன முடியாது என்பதுதான் அங்கே பேசும்.

அடுத்தது, குடும்பம் எந்தப் பிரிவில் பதிவு என்பது. யாழ்ப்பாணத்தில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து சாவகச்சேரியில் இருக்கும் குடும்பங்களை இரண்டு செயலகமும் மாறிமாறித் துரத்துவதைப் பார்த்திருக்கிறேன். நோயாளிப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அலைய வைப்பது அநியாயம். பெயர் எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதை விதானையாரிடம் (கிராம சேவகரிடம்) முதலே கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். சின்னப் பிள்ளைக்கு அடையாள அட்டை கேட்டால், பிறப்புச் சான்றிதழைக் காட்டுங்கள். மூலப் பிரதியைக் கையை விட்டு விடாதீர்கள்.

இருக்கை வரும்வரை என்ன செய்வது? சீட் பெல்ட்டுக்குப் பொலிஸ் நெடுங்காலம் மறித்தது முன்னுக்கு இருப்பவர்களைத்தான். பின்னால் மடியில் இருக்கும் பிள்ளையை யாரும் கேட்டதில்லை. ஆனால் சடுதியாகப் பிரேக் அடித்தால் எந்தத் தாயின் கையும் பிள்ளையைப் பிடித்து நிறுத்தாது. தலை சரிகிறதென்று துணியால் தலையை இருக்கையோடு கட்டாதீர்கள், கழுத்து முறியலாம். சாய்க்கக்கூடிய இருக்கையைச் சற்றுச் சாய்த்தால் போதும். சாதாரண சக்கர நாற்காலியோடு பிள்ளையை வான் வண்டியில் ஏற்றி வைத்துக்கொண்டு ஓடாதீர்கள், அது மோதலைத் தாங்கச் செய்ததல்ல. ஒட்சிசன் சிலிண்டரை இறுக்கிக் கட்டுங்கள். பின்பக்கம் பார்த்த இருக்கையைக் காற்றுப்பை உள்ள முன்னிருக்கையில் ஒருபோதும் வைக்கவேண்டாம். விபத்தில் பட்ட பழைய இருக்கை மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

"பிறகு வாங்கோ" என்று திருப்பி அனுப்பினால் சும்மா வராதீர்கள். விண்ணப்பத்தின் கொப்பியில் திகதி முத்திரை அடிப்பித்து வாங்குங்கள். பிறகும் அசைவில்லையென்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், கோப்பு யாருடைய மேசையில் இருக்கிறது என்று தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று அவர்கள் சொல்லியாக வேண்டும்.