கூலிங் டவரிலிருந்து வருவது புகை அல்ல

தொழிற்சாலை ஓரத்தில் மக்கள் பொழுதுபோக்குவதைப் படமெடுக்கக் கிளம்பும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே படத்தோடுதான் திரும்பி வருகிறார்கள். முன்னால் பந்தை உதைக்கும் சிறுவன், பின்னால் இடுப்பு சிறுத்த இரண்டு ராட்சதக் கோபுரங்கள், மேலே கரும்புகை. படத்தைப் பகிர்ந்த சற்று நேரத்தில், ‘விஷக்காற்றில் விளையாடும் பிஞ்சுகள்’ என்று யாராவது எழுதிவிடுவார்கள். எடுத்தவரும் மறுக்க மாட்டார், லைக் ஏறுகிறதே!

அந்தக் கோபுரங்கள் புகைபோக்கிகள் அல்ல. மின் நிலையத்தில் டர்பைனை, அதாவது மின்சாரம் எடுக்கச் சுழலும் சக்கரத்தை, சுழற்றிய நீராவியை மறுபடி தண்ணீராக்க, குளிர்ந்த நீர் ஓடும் குழாய்கள் வேண்டும். அந்தக் குழாய்களில் ஓடிச் சூடேறிய தண்ணீரைத்தான் கூலிங் டவரில் ஆற்றுகிறார்கள். அணுமின் நிலையங்கள் பலவற்றிலும் இதே கோபுரம் உண்டு. மேலே எழுவது ஈரக்காற்றும் நுண்ணிய நீர்த்துளிகளும். சூரியன் நம் முதுகுப்பக்கம் இருந்தால் அது வெள்ளை மேகம். சூரியனுக்கு எதிரே நின்று எடுத்தால் அதே மேகம் கன்னங்கரேல் என்று விழும். நிலக்கரி எரிந்த வாயு, பெரும்பாலான அனல்மின் நிலையங்களில், பக்கத்தில் நிற்கும் ஒல்லியான புகைபோக்கி வழியாகத்தான் போகிறது. அதில் உள்ள கந்தக டையாக்சைடுக்கு நிறமே கிடையாது. கேமராவில் கறுப்பாகத் தெரிவது தண்ணீர். கவலைப்பட வேண்டியது தெரிவதே இல்லை.

அடுத்தது தூரம். 100 மீட்டர் உயரக் கூலிங் டவர் ஒன்று மைதானத்திலிருந்து 1 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடைப்பயிற்சிக்கு வந்த 1.6 மீட்டர் உயரப் பெண்மணி ஒருவர் அங்கே நிற்கிறார். அவரிடமிருந்து 20 மீட்டரில் நின்று எடுத்தால், படத்தில் டவர் அவரைவிடச் சற்றே உயரமாக, ஏறக்குறைய ஒன்றேகால் மடங்காக இருக்கும். அவரிடமிருந்து 200 மீட்டர் தள்ளிப் போய், தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் டெலி லென்ஸ் போட்டால் பத்து மடங்கு. டவர் நகரவில்லை, அவரும் நகரவில்லை, நகர்ந்தது நாம் மட்டும். லென்ஸைக் குற்றம் சொல்வது வழக்கம். உண்மையில் நாம் நிற்கும் இடம்தான் அளவை மாற்றுகிறது, லென்ஸ் அதை வெட்டிப் பெரிதாக்கித் தருகிறது, அவ்வளவே. டெலி லென்ஸ் கூடாது என்று சொல்ல வரவில்லை, நானே பயன்படுத்துகிறேன். ஆனால் படக்குறிப்பில் ‘டவர் இங்கிருந்து 1 கி.மீ.’ என்று போடாமல் அந்தப் படத்தை வெளியே விடுவதில்லை. எடிட்டர்கள் அந்த வரியைத்தான் முதலில் வெட்டுவார்கள். சண்டை போடுங்கள்.

பெரிதாகத் தெரிவதெல்லாம் ஏமாற்று என்றும் இல்லை. நதவ் காண்டர் 2006இல் சீனாவின் சோங்கிங்கில் எடுத்த படமொன்றில், பாலத்தின் பிரம்மாண்டத் தூண்களுக்கடியில், ஆற்றங்கரையில் சிலர் ஞாயிற்றுக்கிழமை பிக்னிக்கில் இருக்கிறார்கள். எறும்பு போல இருக்கிறார்கள். அங்கே அது நியாயம். அவர்கள் உட்கார்ந்திருப்பதே அந்தத் தூண்களுக்கு அடியில்தான்.

கண் எதிர்த்திசையிலும் ஏமாறும். இத்தாலியின் டஸ்கனி கடற்கரையில் ரோசிஞானோ சொல்வே என்ற ஊர் இருக்கிறது. வெண்மணல், பால் கலந்த நீலக்கடல், குடைகள், குளிக்கும் கூட்டம். கரீபியன் தீவு என்று சொல்லி விற்றுவிடலாம். அந்த வெள்ளை, சோடா உப்பு ஆலை பல பத்தாண்டுகளாகக் கடலில் விட்ட சுண்ணாம்புக் கழிவு. அங்கிருந்து பாதரசமும் கடலுக்குப் போயிருக்கிறது. மாசிமோ விட்டாலி உயரமான மேடை போட்டு அங்கே எடுத்த படங்களில், குளிப்பவர்களையும் ஆலையையும் ஒரே ஃபிரேமில் பார்க்கலாம். ஆலையை விட்டுவிட்டு எடுத்திருந்தால் அது சுற்றுலா விளம்பரம். அதனால் கேமராவைத் தூக்கும் முன் அந்த ஆலை எதைச் செய்கிறது, எதை வெளியேற்றுகிறது என்று படித்துவிட்டுப் போங்கள். ஒரு மாலைப்பொழுது போதும்.

மனிதர்களுக்கு வருவோம். ஓய்வில் இருப்பவரைப் பாவப்பட்டவராக்குவது இந்த வகைப் படங்களின் பெரிய வியாதி. மீன் பிடிக்க உட்கார்ந்தவர் மீன் பிடிக்கத்தான் வந்திருக்கிறார். புகைபோக்கிக்கு அளவுகோலாக நிற்க வரவில்லை. இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று கேளுங்கள். ‘ஆலையில் வேலை, ஷிஃப்ட் முடிந்தால் இங்கேதான்’ என்பார். ‘வேறு எங்கே போகச் சொல்கிறீர்கள்?’ என்றும் கேட்பார். இரண்டும் வேறு வேறு படங்கள்.

அதற்கு நேரம் பிடிக்கும். இங்கிலாந்தின் லைன்மவுத் கடற்கரையில் கரையொதுங்கும் நிலக்கரியைப் பொறுக்குபவர்களை கிறிஸ் கில்லிப் 1976இல் படமெடுக்கப் போனபோது விரட்டிவிட்டார்கள். 1982இல்தான் அவரை ஏற்றுக்கொண்டார்கள். பிறகு அங்கேயே ஒரு கேரவனில் தங்கி எடுத்தார். ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்கவும்.

குழந்தைகள் படத்தில் இருந்தால் பெற்றோரைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள், பள்ளிப் பெயரும் சீருடையும் அடையாளம் காட்டாதபடி பாருங்கள். ஆலைச் சுவரை ஒட்டி ட்ரைபாட் வைத்தால் காவலாளி வருவார். அமெரிக்க மின் நிலையங்களைப் பொது இடத்தில் நின்று எடுத்த மிட்ச் எப்ஸ்டீனையே அதிகாரிகள் நிறுத்தி விசாரித்திருக்கிறார்கள். நாம் சட்டப்படி சரியாக இருந்தாலும் வாக்குவாதம் வேண்டாம். நாம் கிளம்பிப் போய்விடுவோம், அடுத்த நாள் அதே காவலாளி விரட்டப்போவது அங்கே பந்து விளையாடும் பையன்களை.