எல் கமினோ வாங்கியாச்சா? எஞ்சினுக்கு முன்னால் பிரேக்கைப் பாருங்கள்

போன மார்ச்சில் ஒரு தம்பி 1966 மாடல் செவர்லே எல் கமினோ வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். செக்கச்செவேல் பெயிண்ட், பளபளவென்று குரோம். இறங்கியதும் முதல் பேச்சே "அண்ணே, இந்த 283-ஐ இறக்கிட்டு 383 ஏத்தணும், நானூறு குதிரை வேணும்" என்பதுதான். (283, 383 இரண்டும் கன அங்குலத்தில் எஞ்சினின் அளவு.) சரி, முதலில் அடியைப் பார்க்கலாம் என்று லிஃப்டில் ஏற்ற நானே வண்டியை உள்ளே எடுத்தேன். பெடல் பாதிக்கு மேல் இறங்கிய பிறகுதான் பிடித்தது. இந்த வண்டியை அவன் ஃப்ரீவேயில் நாற்பது மைல் ஓட்டி வந்திருக்கிறான்.

தெற்குக் கலிஃபோர்னியாவில், பொமோனா பக்கத்தில் பிரேக், சஸ்பென்ஷன், ஸ்டீரிங் என்று அடிவேலை பார்க்கிறவன் நான். எல் கமினோவும் ராஞ்செரோவும் என் கைக்கு நிறைய வரும். வாங்குகிறவர்கள் அநேகமாக எல்லோரும் எஞ்சினிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அந்த ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் இவை என்ன மாதிரி வண்டி என்று தெரிந்துகொண்டு ஆசைப்படுங்கள்.

பார்க்கப் பிக்கப் மாதிரி இருந்தாலும் அடியில் இருப்பது கார். 1957-இல் ஃபோர்டு தன் ஸ்டேஷன் வேகனின் பின்கூரையை எடுத்துவிட்டுத் தொட்டி வைத்து ராஞ்செரோ என்று விற்றது. 1959-இல் செவர்லே எல் கமினோவோடு வந்தது, இரண்டு வருடத்தில் நிறுத்தியது, 1964-இல் செவெல் காரின் அடிப்படையில் மறுபடி கொண்டுவந்து 1987 வரை ஓட்டியது. முன்னால் கனமான எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின், பின்னால் வெறும் தகரத் தொட்டி. எடை முழுக்க முன் சக்கரங்கள் மேல்தான்.

அந்தத் தம்பியின் வண்டிக்கு வருகிறேன். பின் இடது சக்கரத்தின் பிரேக் டிரம்மைக் கழற்றச் சுத்தியலால் நாலு தட்டு தட்ட வேண்டியிருந்தது. உள்ளே ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் ரப்பர் கிழிந்து, பிரேக் ஆயில் கசிந்து, டிரம்மை உரசி நிறுத்துகிற ஷூ இரண்டும் எண்ணெயில் போட்ட வடை மாதிரி ஊறிக் கிடந்தன. சாதாரணமாக இது பெரிய வேலை இல்லை. ஆனால் பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர், 1966 வரை இந்த வண்டிகளில் அதற்கு ஒரே ஒரு அறைதான், நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில். எங்காவது ஓரிடத்தில் ஒழுகித் தீர்ந்தால் நாலும் சேர்ந்து போய்விடும், பெடல் தரையைத் தொடும். 1967 மாடலிலிருந்துதான் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டு அறை. உங்கள் வண்டி அதற்கு முந்தையது என்றால் பானெட்டைத் திறந்து, மாஸ்டர் சிலிண்டரின் தலையில் ஒற்றை வட்ட மூடி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால், எஞ்சினுக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கு இரட்டை அறைக்கு மாற்றத்தான்.

அடுத்தது காலித் தொட்டி. பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாயும். பின்பக்கம் ஏற்கெனவே லேசு, இன்னும் லேசாகும், பின் சக்கரம் முதலில் லாக் ஆகும், அதாவது சுற்றாமல் நின்று வழுக்கும். முன் சக்கரம் லாக் ஆனால் வண்டி நேராக வழுக்கும், பின் சக்கரம் லாக் ஆனால் வால் முன்னால் வந்துவிடும். மழையில் ஒருமுறை இப்படிச் சுற்றியவர்கள் மறுநாளே என்னிடம் வந்திருக்கிறார்கள். (சிலர் தொட்டியில் மணல் மூட்டை போடுகிறார்கள். போடுங்கள், ஆனால் கட்டிப் போடுங்கள். கட்டாத மூட்டை பிரேக் பிடிக்கும்போது உங்கள் முதுகைப் பார்த்து வரும்.) பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்க, பின் லைனில் திருகிச் சரிசெய்யக்கூடிய ப்ரொபோர்ஷனிங் வால்வு ஒன்று போட்டு, ஆளில்லாத மைதானத்தில் தொட்டி காலியாக இருக்கும்போது 30 மைல் வேகத்தில் பிரேக் அடித்து, வெளியே தள்ளி ஒருவரை நிறுத்தி எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். முன்னால்தான் முதலில் நிற்க வேண்டும்.

இனி முன் டிஸ்க் மாற்றம். 9.5 அங்குல டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போடுவதுதான் பலரும் செய்கிற முதல் நல்ல காரியம், பலரும் சொதப்புகிற இடமும் இதுதான். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒருவருக்கு டிஸ்க் போட்டுவிட்டு டிரம்முக்கான பழைய மாஸ்டர் சிலிண்டரையே விட்டுவிட்டேன். டிரம் லைனில் எப்போதும் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்துவைக்க ஒரு சின்ன வால்வு உள்ளே இருக்கும். டிஸ்க்குக்கு அந்த அழுத்தம் ஆகாது, பேட் உரசிக்கொண்டே இருக்கும். அரை மணி நேர ஃப்ரீவே ஓட்டத்தில் முன் சக்கரங்களில் புகை. ஆள் ஓரங்கட்டி எனக்குப் போன் செய்தார். அவர் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது, திட்டியதில் தப்பில்லை.

பெடலையும் பாருங்கள். செவெல், எல் கமினோ பெடல் கையில் இரண்டு துளை இருக்கும், மேல் துளை பூஸ்டர் இல்லாத பிரேக்குக்கு, கீழ்த் துளை பூஸ்டர் உள்ள பவர் பிரேக்குக்கு. (பூஸ்டர் என்பது எஞ்சினின் வேக்கத்தை, அதாவது உறிஞ்சு விசையை, வைத்து உங்கள் மிதிக்கு உதவுகிற டப்பா.) தண்டைத் தப்பான துளையில் மாட்டினால், பெடல் ஒன்று கல்லாக இருக்கும், இல்லை தொட்டதும் தலையை முட்ட வைக்கும். பழைய 14 அங்குல வீல் பெரும்பாலும் டிஸ்க்கைப் பிடிக்கிற காலிப்பரில் இடிக்கும், 15-க்குப் போக வேண்டியிருக்கும். அப்புறம் எஞ்சின் ஆசையும் பிரேக்கும் மோதுகிற இடம் ஒன்று உண்டு. தடதடவென்று ஐடிலிங்கில் குலுங்குகிற ரேஸ் கேம் (எஞ்சின் வால்வுகளைத் திறக்கிற தண்டு) போட்டால் எஞ்சினின் வேக்கம் குறைந்துபோகும். பூஸ்டருக்குப் பாதரச அளவில் 18 அங்குல வேக்கம் வேண்டும், இந்தக் கேம் 10, 12 கொடுத்தால் சிக்னலில் இரண்டாம் தடவை மிதிக்கும்போது பெடல் மரக்கட்டை.

வாங்குவதற்கு முன்னால் என்றால் துருவைப் பாருங்கள், பெயிண்ட்டை நம்பாதீர்கள். பட்டி பார்த்து மூடிய இடத்தில் சின்னக் காந்தம் ஒட்டாது. 1964 முதல் 1972 வரையிலான எல் கமினோவில் தொட்டியின் முன்பகுதித் தகடு ஸ்க்ரூவில் நிற்கிறது. அதைக் கழற்றினால் கீழே ஒரு பள்ளம், ஸ்டேஷன் வேகனில் பின்சீட்டுக்காரர் கால் வைக்கிற இடம் அது. இங்கே 'கடத்தல்காரன் பெட்டி' என்று சொல்வார்கள். நான் திறந்ததில் கடத்தல் பொருள் ஒன்றும் கிடைத்ததில்லை, ஈர மண்ணும் எலிக்கூடும் ஓட்டையும்தான். விற்கிறவர் அதைத் திறக்கவிடாவிட்டால் கிளம்பிவிடுங்கள். 1960 முதல் 1965 வரையிலான ராஞ்செரோ ஃபோர்டின் ஃபால்கன் கார் அடிப்படையில் வந்தது, தனி சேசிஸ் கிடையாது. அதில் தளம் துருப்பிடித்தால் வண்டியின் எலும்பே துருப்பிடித்த மாதிரி.

பாகம் வாங்கும்போது ஒரு சிக்கல். 1968 முதல் 1972 வரை இரண்டு கதவு செவெல்லின் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) 112 அங்குலம், எல் கமினோவுக்கு 116. பிரேக் பைப், ஹேண்ட்பிரேக் கேபிள், டிரைவ்ஷாஃப்ட் எதையும் 'செவெல்லுக்கு' என்று மட்டும் சொல்லி வாங்கினால் நாலு அங்குலம் குறையும். கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான வண்டிக்குப் புகைப் பரிசோதனை இல்லை. 1976 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் எஞ்சினை மாற்றும் முன் அந்த விதிகளைப் படித்துவிடுங்கள். பங்கில் வரும் பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால், பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸை அரித்துவிடும், மாற்றுங்கள். பழைய பிரேக் ஷூத் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதவே ஊதாதீர்கள், ஈரமாக்கித் துடையுங்கள்.

தம்பி வண்டிக்கு எல்லாம் முடிய மூன்று வார இறுதி பிடித்தது. 14 அங்குல வீல் இடித்ததால் என்னிடமிருந்த ஒரு செட்டை இரவல் மாட்டி அனுப்பினேன். பிறகு அவனே பொமோனா ஸ்வாப் மீட்டில் (பழைய பாகச் சந்தை) டயரோடு ஒரு செட் 15 வாங்கி மாட்டியிருக்கிறான். போன வாரம் போன்: "அண்ணே, இப்பவாவது 383 பேசலாமா?" டயர் ஓரத்தில் டிஓடி என்று தொடங்குகிற வரியின் கடைசி நாலு எண்ணைப் படிடா என்றேன். முதல் இரண்டு எண் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு எண் வருடம். குனிந்து தேடுகிற சத்தம் கேட்டது.

"2309."

2009-ஆம் வருடத்து 23-ஆவது வாரம். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்: "உங்க இரவல் செட்டு இன்னும் இருக்காண்ணே?"