குரோஷா ஊசி ஏன் கட்டைவிரலைக் கடுக்க வைக்கிறது?

குழித்துறையில் எங்கள் வீட்டு வராந்தாவில் அம்மா குரோஷா பின்னுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். டிவிக்கு விரிப்பு, தலையணை உறைக்கு ஓரம், ஞானஸ்நானக் குழந்தைக்குத் தொப்பி என்று கை சும்மா இருந்ததே இல்லை. போன வருடம் ஒருநாள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "பெருவிரலுக்க அடியில கடுக்கு மக்ளே, பாட்டிலுக்க மூடியக்கூட திருக்க முடியல்ல" என்றார். கட்டைவிரலின் அடி மூட்டு தேய்ந்திருக்கிறது என்றார் டாக்டர். பின்னுவதை விட்டுவிடச் சொன்னால் அம்மா கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அதனால் ஊசியைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன்.

நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் 1820-களில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்ததிலிருந்து எங்கள் பக்கத்தில் நூல் வேலைக்கு ஒரு மதிப்பு உண்டு. அது திண்டின்மேல் குண்டூசி குத்தி, நூற்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் லேஸ். குரோஷா வேறு. இதில் ஒரே ஒரு கொக்கி ஊசிதான், அதனால் பாரமும் ஒரே கைக்குப் போகிறது.

ஊசியைப் பிடிப்பது ஏறக்குறைய கிள்ளுவது மாதிரிதான். கிள்ளும்போது விரல் நுனியில் 1 கிலோ விசை கொடுத்தால், கட்டைவிரலின் அடி மூட்டில் சுமார் 12 கிலோ அழுத்தம் விழுகிறது என்று கூனி, சாவ் என்ற ஆய்வாளர்கள் 1977-இல் கணக்கிட்டார்கள். நுனி மூட்டில் அது சுமார் 3 கிலோதான். ஒரே விரலுக்குள் ஏன் இவ்வளவு வித்தியாசம்? பழைய கிணற்றுத் துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். நீண்ட முனையில் ஒரு வாளித் தண்ணீர் தூக்க, குட்டை முனையில் பெரிய கல்லைக் கட்டவேண்டும். கட்டைவிரலை இழுக்கும் தசைநாண்கள் எலும்பை ஒட்டியே ஓடுகின்றன. அதாவது, அவை குட்டை முனையில் இருக்கின்றன. நுனியில் சிறிது விசை வேண்டுமானாலும் அவை பல மடங்கு இழுக்கவேண்டும். அந்த இழுப்பெல்லாம் சேணம் போல வளைந்த அடி மூட்டைத்தான் நெரிக்கிறது. இதையே திருப்பிப் பார்த்தால் நல்ல சேதியும் இருக்கிறது. நுனியில் கால் கிலோ குறைத்தால் அடியில் 3 கிலோ குறையும்.

எனவே ஊசி வாங்கும்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதை எவ்வளவு லேசாகப் பிடிக்கலாம்?

நாம் பொருளை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்பதை யோசித்து முடிவு செய்வதில்லை. ஸ்வீடனில் யோஹான்சன், வெஸ்ட்லிங் என்ற இருவர் 1984-இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். மேற்பரப்பு வழுக்கினால், தோலிலிருந்து வரும் செய்தியை வைத்து மூளை தானாகவே பிடியை இறுக்குகிறது. நழுவாமலிருக்கத் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கிறது. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் இது முக்கியம். தோலில் லேசான ஈரம் இருந்தால் பிடிப்பு கூடும். வியர்வை படலமாக நின்றால் மழமழப்பான எஃகு வழுக்கும், மூளை நெரிக்கச் சொல்லும். ரப்பர் அல்லது சிலிக்கோன் போர்த்திய கைப்பிடி இந்த இடத்தில்தான் உதவுகிறது. மெத்தென்று இருப்பது அப்புறம்தான். வழுக்காமல் இருப்பதுதான் பெரிய பலன்.

அடுத்தது திருப்புவது. ஒவ்வொரு கண்ணிக்கும் ஊசியைக் கொஞ்சம் உருட்டித்தான் நூலைக் கொக்கியில் மாட்டுகிறோம். 4 மில்லிமீட்டர் அலுமினிய ஊசியை வெறுமனே பிடித்து உருட்டுவதற்கும், அதே ஊசிக்கு 12 மில்லிமீட்டர் கைப்பிடி போட்டு உருட்டுவதற்கும் விரல் கொடுக்கவேண்டிய விசை மூன்றுக்கு ஒன்று. ஆரம் மூன்று மடங்கானால் விசை மூன்றில் ஒரு பங்கு போதும். எங்கள் பக்கத்து வீட்டு மாமா ரப்பர் பால் வெட்டுகிறவர். கத்தியின் பிடியில் சைக்கிள் டியூபைச் சுற்றி வைத்திருப்பார். பருமனும் வழுக்காமையும் இரண்டும் அவருக்கு அதிலேயே கிடைத்துவிட்டன.

இங்கே பலருக்கும் ஒரு குழப்பம். கைப்பிடி தடித்தால் பின்னலும் தடித்துவிடுமோ என்று அம்மாவும் பயந்தார். இல்லை. ஊசியில் போட்டிருக்கும் எண், கண்ணி ஏறி நிற்கும் தண்டின் பருமன். நூலுக்கு அதுதான் தெரியும். கைப்பிடியை அது பார்ப்பதே இல்லை. மெல்லிய பருத்தி நூலுக்கு 1 மில்லிமீட்டர் எஃகு ஊசி வேண்டுமென்றால் அதையே வைத்துக்கொள்ளலாம், பிடியை மட்டும் மாற்றினால் போதும். ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டிலேயே எலும்பு, தந்தப் பிடிகளில் எஃகு முனையைச் செருகிப் பயன்படுத்தினார்கள்.

அதற்காக ரொம்பத் தடியானதும் ஆகாது. நுட்பமான வேலைக்கான கருவிகளின் பிடி 8 முதல் 13 மில்லிமீட்டர் வரை இருப்பது நல்லது என்கிறது கருவி வடிவமைப்பு வழிகாட்டுதல். பென்சில் சுமார் 7. நான் முதலில் இணையத்தில் வாங்கிக் கொடுத்த ஊசி, மண்வெட்டிப் பிடி மாதிரி இருந்தது. அம்மாவின் சின்னக் கையில் விரல்கள் விரிந்து நின்றன, வலி கூடியதுதான் மிச்சம்.

நீளத்தையும் பார்க்கவேண்டும். பேனா பிடிப்பதுபோல் பிடிப்பவர்களுக்குக் குட்டை ஊசி போதும். கத்தி பிடிப்பதுபோல் உள்ளங்கைக்கு அடியில் பிடிப்பவர்களுக்கு, ஊசியின் பின்முனை உள்ளங்கையைக் குத்தாத அளவு நீளம் வேண்டும். குத்தினால் மணிக்கட்டை மடக்கித் தப்பிக்கப் பார்ப்போம். மணிக்கட்டுக்குள் ஒரு குறுகிய வழியில் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துப் போகின்றன. மணிக்கட்டு மடங்கினால் அங்கே அழுத்தம் ஏறும். இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போவது இந்த நரம்பு நெரிபடுவதன் அடையாளம். அப்படி மரத்தாலோ, காலையில் விரல்கள் வீங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் மடங்காமல் இருந்தாலோ டாக்டரைத்தான் பார்க்கவேண்டும். ஊசி மாற்றித் தீராது.

உலோகமா மூங்கிலா என்பதில் என் முடிவு இது: பிடி மரமோ ரப்பரோ, முனை உலோகம். மழமழப்பான முனையில் நூல் தடையில்லாமல் வழுக்கி ஓடும், இழுக்க விசை குறைவு. உலோகம் கையின் சூட்டை வேகமாக உறிஞ்சும் என்பதும் உண்மை, ஆனால் இடவப்பாதி மழைக் காலைகளைத் தவிர எங்கள் ஊரில் அது தொந்தரவில்லை. கொக்கியின் வாயில் பிசிறு இருக்கிறதா என்று பழைய நைலான் துணியில் உரசிப் பாருங்கள். மாட்டி இழுத்தால் அந்த ஊசி வேண்டாம். நூலைச் சுற்றும் இடது கையையும் மறக்கவேண்டாம். ஒரு அளவு பெரிய ஊசி எடுத்தால் கண்ணி தளரும், இரண்டு கைக்கும் சுகம்.

கடைசியில் அம்மாவின் பழைய எஃகு ஊசிக்கே ஆசாரியிடம் தேக்கில் 11 மில்லிமீட்டர் பிடி கடையச் சொல்லி, அதன்மேல் பருத்தி நூலை நெருக்கமாகச் சுற்றிக் கொடுத்தேன். பிடி சரியா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. பத்து வரிசை பின்னிய பிறகு, ஊசியை விடாமல் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். நகம் வெளுத்திருந்தால் இன்னும் நெரிக்கிறீர்கள். போன ஞாயிறு அம்மா ஒரு விரிப்பின் ஓரம் முழுக்கப் பின்னிவிட்டுக் கையை நீட்டிக் காட்டினார். நகம் ரோஜா நிறத்தில் இருந்தது.