அரளி தின்னும் புழு ஏன் சாவதில்லை?

வாசல் நந்தியாவட்டை இரண்டே நாளில் மொட்டையாகிவிட்டதாம். கிளையில் நீலக்கண்ணோடு ஒரு பச்சைப் புழு முறைக்கிறதாம். 'கடிக்குமா?' என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கடிக்காது. அது கண்ணே இல்லை, முதுகுப் பொட்டு. சீண்டினால் தலையை உள்ளிழுத்துக்கொண்டு பொட்டை உப்பிக் காட்டும், அவ்வளவுதான்.

இது அரளி அந்துப்பூச்சியின் புழு. அரளி, நந்தியாவட்டை இரண்டும் ஒரே தாவரக் குடும்பம், இரண்டையும் மேயும். தாய்ப்பூச்சி இளம் இலைகளில் ஒவ்வொரு முட்டையாக வைத்துப்போகும். புழு நான்கு முறை தோலுரித்து விரல் நீளம் வளர்ந்ததும் பச்சை மங்கிப் பழுப்பேறும், கீழிறங்கிச் சருகுக்குள் கூட்டுப்புழுவாகும். அப்புறம் வெளிவருகிற பூச்சியின் இறக்கையில் பாசிப்பச்சையும் ரோஜா நிறமும் அலையலையாக ஓடும். அந்தியில் பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றே தேன் குடிக்கும்.

சரி, அரளி விஷமாயிற்றே? நம் செல்களில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்பு இருக்கிறது. அரளி நஞ்சு அதை முடக்கும், இதயம் தடுமாறும். இதே வகை நஞ்சுள்ள செடியைத் தின்று வளரும் மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் உடலில் அந்தப் பம்பே மாறிவிட்டதால் நஞ்சு அதில் ஒட்டாது. நம் புழுவின் பம்பு அப்படி மாறவில்லை. நஞ்சு பட்டால் நின்றுவிடும். ஆனால் நஞ்சை ஊசியில் ஏற்றினாலும் புழு அசராது!

ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட விடை எனக்கு ரொம்பப் பிடித்தது. புழுவின் நரம்புத்தண்டைச் சுற்றி மெல்லிய உறை ஒன்று உண்டு. நீரில் கரையும் நஞ்சை அது உள்ளேயே விடாது. கொழுப்பில் கரையும் நஞ்சு எப்படியும் நுழையப் பார்க்கும். அதைப் பிடித்து வெளியே தள்ளுவதற்கென்றே உறையில் காவல் புரதங்கள் நிற்கின்றன. அந்தப் புரதத்தை முடக்கும் வெராபமில் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். காவல் படுத்தது, நஞ்சு நரம்புக்குள் போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால், அரளிப் பக்கமே போகாத, இதன் உறவுக்காரப் புகையிலைக் கொம்புப்புழுவுக்கும் இதே காவல் இருக்கிறது.

'புழு நரம்பை ஆராயவெல்லாம் பணமா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு சேதி: புற்றுச் செல்கள் மருந்தை வெளியே துப்புவதும் இதே வகைப் புரதத்தால்தான்.

வாசகிக்கு: நந்தியாவட்டை மறுபடி துளிர்த்துவிடும். புழு பழுப்பேறி இறங்கினால், செடியடிச் சருகை மூன்று வாரம் கூட்டாமல் விடுங்கள்.