மெசொப்பொத்தாமியா: ஆறுகளுக்கு நடுவே எந்த நிலம்?

மெசபடோமியா, மெசபத்தேமியா, மெசொப்பொத்தேமியா என்று தமிழில் பல வடிவங்களில் எழுதப்படும் இந்தப் பெயருக்குப் பொருள் கேட்டால், வரலாற்றுப் பாடம் படித்த எவரும் 'இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட நாடு' என்று தயங்காமல் சொல்லிவிடுவர். விடை தவறன்று. ஆனால் எந்த இரண்டு ஆறுகள், அவற்றுக்கு இடைப்பட்ட எந்தப் பகுதி, அப்பெயரை யார் இட்டனர் என்று அடுத்தடுத்துக் கேட்டால், சொல்லும் அது குறிக்கும் நிலமும் ஒன்றோடொன்று முழுதாகப் பொருந்தவில்லை என்பது தெரியவரும். தமிழில் இதற்கு நேர்ச்சொல் காண முயல்வோர் முதலில் கவனிக்க வேண்டியது இந்தப் பொருந்தாமையைத்தான்.

சொல் கிரேக்கம். 'மெசோஸ்' என்றால் நடு. 'பொத்தமோஸ்' என்றால் ஆறு. முதல் உறுப்பு நமக்கு முற்றிலும் அயலானதன்று: சமற்கிருதத்தின் 'மத்ய' என்னும் சொல்லும் கிரேக்க 'மெசோஸ்' என்பதும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை; அந்த 'மத்ய' தமிழுக்கு வந்து 'மத்தி' ஆயிற்று. இரண்டாம் உறுப்பை வேறோர் இடத்தில் பார்த்திருப்போம். கிரேக்கர் 'ஆற்றுக் குதிரை' என்ற பொருளில் இப்போபொத்தமோஸ் என்று அழைத்த விலங்கைத் தமிழர் நீர்யானை என்கிறோம். அவர்கள் கண்ணுக்குக் குதிரையாகத் தெரிந்தது நம் கண்ணுக்கு யானையாகத் தெரிந்திருக்கிறது. எழுத்துப்பெயர்ப்பைப் பொறுத்தவரை, கிரேக்கத்தின் தகர ஒலி நம் 'த்த' என்பதற்கே நெருக்கமானது. ஆங்கிலத்தின் வழியே வந்ததால்தான் டகரம் புகுந்தது. 'மெசபடோமியா' என்ற வடிவத்தில் ஒகரமும் இடம் மாறிவிடுகிறது. தமிழ் விவிலியம் ஆளும் 'மெசொப்பொத்தாமியா' என்ற வடிவம், 'தா' என்ற ஒரு நெடிலைத் தவிர, மூலத்துக்கு ஏறத்தாழ நேராக நிற்கிறது என்பதால் இக்கட்டுரையும் அதனையே கொள்கிறது.

கிரேக்கரும் இப்பெயரைத் தாமே புனைந்துவிடவில்லை. எபிரேய வேதத்தில் 'அராம் நகராயிம்' என்று வருவதைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் மெசொப்பொத்தாமியா என்றனர். எகிப்தியர் 'நகரின்' என்றனர். சிரியாக்கு மொழியில் 'பேத்து நகரின்' என்பர். கிரேக்கம் நீங்கலாக இவை எல்லாவற்றிலும் ஆற்றைக் குறிக்கும் செமித்திய மொழிக் குடும்பத்தின் வேரே ஒலிக்கிறது. இவற்றுக்கும் முன்னதாக, அந்நாட்டின் பழைய செமித்திய மொழியான அக்காதிய மொழியில் 'பிரீத் நாரிம்' என்ற தொடர் வழங்கிற்று. அத்தொடர் முதலில் யூப்பிரட்டீசு, தைகிரிசு என்ற இரண்டு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தையன்று, யூப்பிரட்டீசு என்ற ஒரே ஆறு வடக்கே வளைந்து செல்லும் வளைவுக்குள் அடங்கிய நிலத்தையே குறித்தது என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. எபிரேயத்தில் இருமை எண் உள்ளமையால் 'நகராயிம்' என்பது இரண்டு ஆறுகள் என்ற பொருளைத் தருகிறது; கிரேக்கச் சொல்லிலோ 'இரண்டு' என்ற குறிப்பே கிடையாது. அதை நாம் பொருளிலிருந்து வருவித்துக் கொள்கிறோம்.

இப்பெயர்கள் யாவும் சுட்டிய இடம் வடக்கு. இன்றைய வடகிழக்குச் சிரியாவும் வட ஈராக்கும் தென்கிழக்குத் துருக்கியும் சேர்ந்த அந்த மேட்டுநிலத்தையே பழைய கிரேக்க நூலாரும் மெசொப்பொத்தாமியா என்றனர். தெற்கை அவர்கள் பாபிலோனியா என்று வேறாகப் பிரித்தனர். கி.பி. 116-இல் பேரரசன் திராயான் மெசொப்பொத்தாமியா என்ற பெயரில் அமைத்த உரோம மாகாணமும் வடக்கிலேதான் இருந்தது. அரபு மொழியிலும் வடபகுதிக்குத் தனிப்பெயர் உண்டு: 'அல்-ஜசீரா', அதாவது தீவு. தெற்கின் வண்டல் வெளியை அரபியர் 'சவாத்' என்றனர். கருமை என்று பொருள். பாலையிலிருந்து வருபவர் கண்ணுக்குப் பேரீச்சந் தோப்பும் பயிரும் கருத்துத் தெரிந்ததால் வந்த பெயர் அது. ஆனால் எழுத்து பிறந்த உருக்கு என்னும் நகரமும், ஊர், நிப்பூர், இலகாசு முதலிய சுமேரின், அதாவது பண்டைத் தென்னாட்டின், நகரங்களும் எழுந்தது இந்தச் சவாத்தில்தான். வடக்குக்கு உரிய பெயரைத் தெற்கின் மேலும் விரித்துப் போர்த்தியது பிற்கால வழக்கு.

நிலத்தையும் மழையையும் பார்த்தால் இவ்வேறுபாடு வெறும் எல்லைத் தகராறு அன்று என்பது விளங்கும். மழையை மட்டும் நம்பித் தானியம் விளைவிக்க ஆண்டுக்கு 200 முதல் 250 மில்லிமீட்டர் மழையாவது வேண்டும். வடமேடு அந்த எல்லைக்கு உள்ளே இருக்கிறது. அங்கு வானம் பார்த்த பயிர் வைக்கலாம். தெற்கில் அந்த அளவில் மழை கிடையாது. ஆகவே வடக்கில் ஆறு எல்லையாக நின்றது. தெற்கில் ஆறே உயிராக இருந்தது. ஆனால் அந்த ஆறு பருவம் பார்த்து உதவும் ஆறாகவும் இல்லை. ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர் ஓடும் யூப்பிரட்டீசும் ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் ஓடும் தைகிரிசும் கிழக்குத் துருக்கியின் மலைகளில் பிறப்பவை. அங்கே பனி உருகும் ஏப்ரல், மே மாதங்களில்தான் வெள்ளம் பெருகிக் கீழே வரும். தெற்கில் இலையுதிர் காலத்தில் விதைத்த வாற்கோதுமை முற்றி அறுவடைக்கு நிற்பதும் அதே மாதங்கள்தாம். விதைப்புக்கு நீர் வேண்டிய காலத்தில் ஆறு வற்றிக் கிடக்கும். கதிர் முற்றிய காலத்தில் கரையை உடைத்துக்கொண்டு வரும். கோடையின் கடைசியில் பெருகி, விதைப்புக்குச் சற்று முன் வயலை நனைத்துவிட்டு வடிந்துபோன நைல் ஆற்றோடு ஒப்பிட்டால், சுமேரியரின் இக்கட்டு எத்தகையது என்பது தெரியும்.

இதற்கு விடையாகத் தோன்றியவைதாம் வாய்க்காலும் கரையும் மதகும். தென் சமவெளி வியப்பூட்டும் அளவுக்குத் தட்டையானது. கடலிலிருந்து அத்தனை தொலைவு உள்ளே இருக்கும் பாக்தாது நகரம்கூட ஏறத்தாழ 34 மீட்டர் உயரத்திலேயே இருக்கிறது. இத்தகைய நிலத்தில் ஆறு தான் சுமந்து வரும் வண்டலைத் தன் படுகையிலும் இரு கரைகளிலும் இட்டு இட்டு, காலப்போக்கில் சுற்றுப்புற வயல்களைவிட உயரத்தில் ஓடத் தொடங்குகிறது. கரையில் ஒரு வெட்டு வெட்டினால் நீர் தானே வயலுக்கு இறங்கும் என்பது நன்மை. வெள்ளத்தில் கரை உடைந்தால் நாடே நீரில் மூழ்கும் என்பதும், ஆறு பழைய தடத்தைக் கைவிட்டுப் புதிய தடத்தில் போய்விடும் என்பதும் அதன் மறுபக்கம். உருக்கும் நிப்பூரும் இன்று பாழ்நிலத்தின் நடுவே கிடப்பதற்கு முதன்மையான காரணம் ஆறு அவற்றை விட்டு நகர்ந்ததுதான். கி.மு. 18-ஆம் நூற்றாண்டில் ஆண்ட அம்முராபியின் சட்டத் தொகுப்பு, தன் வயற்கரையைப் பேணாமல் சோம்பியிருந்து உடைப்பு நேரவிட்டவன் அயலாரின் தானிய இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்றும், இயலாவிட்டால் அவனையும் அவன் உடைமையையும் விற்று அந்தப் பணத்தைப் பாதிக்கப்பட்டோர் பகிர்ந்துகொள்ளலாம் என்றும் விதிக்கிறது. அதே அரசன் தான் வெட்டிய ஒரு பெருங்கால்வாய்க்கு 'அம்முராபி மக்களின் வளம்' என்று பெயரிட்டு, அதனாலேயே ஓர் ஆட்சியாண்டையும் அழைத்தான்.

வண்டல் தந்தது களிமண். மறுத்தது ஏனைய எல்லாம். கல்லும் கனிமமும் கட்டடத்துக்கு ஏற்ற மரமும் இல்லாத அந்நாட்டில் அரிவாளைக்கூடத் தொடக்கத்தில் களிமண்ணால் செய்து சுட்டனர். மாளிகை செங்கல்லாயிற்று, ஏடும் மண்பலகையாயிற்று. கேதுரு மரம் மேற்கு மலைகளிலிருந்தும், செம்பு இன்றைய ஓமன் எனக் கருதப்படும் மகானிலிருந்தும், கருநீலக் கல் ஆப்கானித்தானத்தின் படக்சானிலிருந்தும் வர வேண்டியிருந்தது. இவற்றுக்கு மாற்றாகத் தானியமும் கம்பளித் துணியும் வெளியேறின. வரவும் செலவும் எழுதிவைக்காமல் இத்தனையும் நடவாது, உருக்கில் கி.மு. 4-ஆம் ஆயிரத்தாண்டின் இறுதியில் தோன்றிய மிகப் பழைய எழுத்துப் பலகைகளில் மிகப் பெரும்பாலானவை கணக்குகளே என்பதை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

காலநிலையின் கை வடக்கில் வேறு விதமாக விழுந்தது. கி.மு. 2200 அளவில் ஏற்பட்ட நீண்ட வறட்சியில், மழையை நம்பியிருந்த கபூர் ஆற்றுப் பகுதியின் தெல் இலெய்லான் போன்ற நகரங்கள் கைவிடப்பட்டதும், அக்காதியப் பேரரசு ஏறத்தாழ அதே காலத்தில் சிதைந்ததும் தொடர்புடையவை என்பது ஒரு கருத்து. வறட்சி மட்டுமே அரசைக் கவிழ்த்தது என்பதை ஏற்காதோரும் உள்ளனர். தெற்கின் நோய் வறட்சியைவிட உவர். வடிகால் இல்லாத தட்டை நிலத்தில் ஆண்டுதோறும் பாய்ச்சிய நீர் வெயிலில் ஆவியாக, உப்பு மேலே தங்கிற்று. கோதுமையைவிட உவரைத் தாங்கும் வாற்கோதுமையே அங்குப் பெருவழக்கான பயிராக இருந்தது. தமிழில் இத்தகைய நிலத்துக்கு உவர், களர் என்ற சொற்கள் ஆயத்தமாக இருக்க, 'உப்பேறிய மண்' என்று சுற்றிச் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

இனி நேர்ச்சொல். ஆற்றுக்கு நடுவே உள்ள நிலத்தைக் குறிக்கத் தமிழில் அரங்கம், துருத்தி, ஆற்றிடைக்குறை என்ற அழகான சொற்கள் உள்ளன. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ளது திருவரங்கம். பூந்துருத்தி என்ற ஊர்ப்பெயரில் இரண்டாவது சொல் வாழ்கிறது. அரபியர் 'தீவு' என்றதைப் போல நாமும் இவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆயினும் இவை நீர் சூழ்ந்த சிறு திட்டுகளைக் குறிப்பவை. ஒரு பெருநாட்டின் பெயராக இவற்றை நீட்டுவது சொல்லைப் பிய்ப்பதாகும். 'ஆற்றிடை நாடு' என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பழந்தமிழில் ஆறு என்பது வழியையும் குறிக்கும். தொல்காப்பியத்தின் 'ஆற்றிடைக் காட்சி' என்பது வழியிடையில் கண்டது என்றே பொருள்படும், ஆற்றுப்படை என்பதிலும் அதே ஆறுதான். 'ஈராற்றிடை நாடு' என்றால் அந்த மயக்கம் நீங்குகிறது. கிரேக்கம் சொல்லாமல் விட்டு எபிரேயம் சொன்ன இரண்டு என்ற எண்ணும் வந்துவிடுகிறது. கங்கை, யமுனை ஆகியவற்றுக்கு இடைப்பட்ட நிலத்தைப் பாரசீக வழக்கால் 'தோஆப்', அதாவது இருநீர், என்பது போன்ற அமைப்பு இது. எனவே பெயரின் பொருளைத் தமிழில் தர வேண்டிய இடத்தில் ஈராற்றிடை நாடு என்பதே தக்கது.

ஆனால் சுமேரைப் பற்றி மட்டும் பேசும் இடத்தில் அதனையும் தவிர்த்து 'தென் வண்டல் நாடு' என்பது நிலத்துக்கு நெருக்கமாக இருக்கும் என்று கருதுகிறேன். காரணம் அவர்கள் மொழியிலேயே உள்ளது. அக்காதிய 'நாரு' என்பது ஆற்றையும் குறிக்கும், வெட்டிய கால்வாயையும் குறிக்கும். சுமேரிய 'இத்' என்பதும் அப்படியே. தஞ்சைப் பகுதியில் 1930-களில் வெட்டிய கல்லணைக் கால்வாயை மக்கள் இன்றும் புது ஆறு என்பதை அறிந்தவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றாது. சுமேரிய உழவன் நின்ற இடம் இரண்டு பேராறுகளுக்கு நடுவே என்பதைவிட, பெரும்பாலும் இரண்டு வாய்க்கால்களுக்கு நடுவே என்பதே உண்மை.

கடைசியாக, சுமேர், அக்காது, ஊர், உருக்கு ஆகியவை இடுபெயர்கள், அவற்றை மொழிபெயர்க்கலாகாது. ஊர் என்ற நகரின் பெயரை நம் 'ஊர்' என்ற சொல்லோடு இணைத்து மகிழ்வோர் பலர். அந்நகரின் சுமேரியப் பெயர் 'ஊரிம்' என்பது. சுமேரியமோ அறியப்பட்ட எந்த மொழிக் குடும்பத்தோடும் உறவு நிறுவப்படாத தனிமொழி. சுமேரியர் தம் நாட்டைக் 'கலம்' என்றனர். அதையும் நம் மரக்கலத்தில் ஏற்ற வேண்டியதில்லை.