ஒரு ஆம்புலன்ஸ், பத்து ஆட்கள்: அமெரிக்கக் கிராமப்புறக் கவுண்டிகளின் கணக்கு

ஆம்புலன்ஸ் சேவை வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கேட்டுவிட்டால், கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) ஆணையர்கள் முதலில் விசாரிப்பது வண்டியின் விலையைத்தான். அது ஒரு தடவை கொடுக்கிற பணம். சேவையைக் கவிழ்ப்பது ஆள் கணக்கு.

ஆண்டுக்கு 8,760 மணி நேரம். வண்டியில் எந்நேரமும் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்றால் 17,520 ஆள்-மணி. வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை பார்ப்பவர் ஆண்டு முழுக்கத் தருவது 2,080. வகுத்தால் 8.4 பேர், விடுப்பு, உடல்நலக்குறைவு, பயிற்சி நாட்களைச் சேர்த்தால் பத்துப் பேர். நாளுக்கு ஒரே ஒரு அழைப்பு வந்தாலும் பத்துப் பேர், பத்து அழைப்பு வந்தாலும் அதே பத்துப் பேர். நகரத்தில் இந்தச் செலவு 3,650 அழைப்புகளில் பங்காகிவிடும். ஆள்நடமாட்டம் குறைந்த கவுண்டியில் 365 அழைப்புகளே அதைச் சுமக்க வேண்டும்.

வரவுப் பக்கம் இன்னும் மோசம். 108-ஐக் கூப்பிட்டால் கட்டணமில்லை என்று பழகிய நமக்கு இது விசித்திரமாகத் தோன்றும். முதியோருக்கான மெடிகேர் காப்பீடு, நோயாளியை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றால்தான் ஆம்புலன்ஸுக்குப் பணம் தருகிறது. அதிலும் 80 சதவீதம்தான். மீதியை நோயாளியிடமோ அவருடைய துணைக் காப்பீட்டிலோ வசூலிக்க வேண்டும். சர்க்கரை தாழ்ந்து மயங்கிக் கிடந்தவருக்கு நரம்பில் குளுக்கோஸ் ஏற்றி, அவர் எழுந்து உட்கார்ந்து "மருத்துவமனை வேண்டாம்" என்று சொல்லிவிட்டால், அந்த வேலைக்கு மெடிகேரிலிருந்து ஒரு டாலர்கூட வராது. கிராமப்புறம் என்பதற்காக 3 சதவீதமும், மக்கள் மிகக் குறைந்த பகுதிகளுக்கு 22.6 சதவீதமும் கூடுதலாகத் தருகிறார்கள். ஆனால் இவை தற்காலிகச் சலுகைகள். நாடாளுமன்றம் அவ்வப்போது நீட்டித்தால்தான் உண்டு. அதை நம்பி ஐந்தாண்டுத் திட்டம் போடக் கூடாது.

இந்தப் பொறுப்பு கவுண்டியின் தலையில் எப்படி விழுந்தது? 1966-இல் தேசிய அறிவியல் கழகம் வெளியிட்ட அறிக்கையின்படி, அப்போது நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறத்தாழ பாதியை நடத்தியவர்கள் 12,000 ஈமச்சடங்கு நிலையத்தார். படுக்க வைத்துக் கொண்டுபோகும் அளவுக்கு நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது. பயிற்சி விதிகளும், கருவி விதிகளும், கூலிச் சட்டமும் இறுகியதும் அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அந்த இடத்தைப் பல ஊர்களில் தன்னார்வலர்கள் நிரப்பினார்கள். 1973-இன் அவசர மருத்துவச் சேவைச் சட்டம் வட்டார அமைப்புகளுக்கு மத்திய நிதி தந்தது. 1981-இல் அந்த நிதியை மாநிலங்களுக்கான மொத்த மானியத்துக்குள் கரைத்துவிட்டார்கள். இன்றும் பல மாநிலங்களில் ஆம்புலன்ஸ் நடத்துவது கவுண்டியின் சட்டக் கடமை அல்ல என்பது வேதனையான உண்மை.

தன்னார்வலர் முறை தேய்வதற்கு மனசு குறைந்ததைக் காரணம் சொல்வது அநியாயம். தொடக்கத்தில் அடிப்படைப் பயிற்சி 81 மணி நேரம். இப்போது 150-க்கும் மேல். அன்று உள்ளூரில் கடையும் வயலும் பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்று 40 மைல் தள்ளி வேலைக்குப் போகிறார்கள். வார நாட்களில் காலை 8 முதல் மாலை 5 வரை பட்டியலில் பெயர் இருக்கும், ஊரில் ஆள் இருக்காது. சம்பளத்துக்கு ஆள் எடுப்பதை இந்த நேரத்திலிருந்து தொடங்குங்கள்.

வண்டி போய்ச் சேரும் நேரத்தை அளக்கும்போது சராசரியை நம்பாதீர்கள். ஒன்பது அழைப்புக்கு 8 நிமிடத்திலும் ஒன்றுக்கு 40 நிமிடத்திலும் போய்ச் சேர்ந்தால் சராசரி 11.2, அறிக்கையில் அழகாக இருக்கும், அந்த ஒரு வீட்டின் கதை தெரியாது. நூற்றில் தொண்ணூறு அழைப்புக்கு எத்தனை நிமிடத்துக்குள் வண்டி போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். மொத்த நேரத்தையும் துண்டாக்குங்கள்: அழைப்பை எடுத்தது, தகவல் அனுப்பியது, வண்டி கிளம்பியது, வாசலில் நின்றது. வீட்டிலிருந்து ஓடிவரும் தன்னார்வலருக்கு, வண்டி கிளம்புவதற்குள்ளேயே பல நிமிடங்கள் போய்விடும். அதை ஓட்டுநரின் வேகத்தால் மீட்க முடியாது. இதயம் நின்றவருக்கு யாரும் மார்பு அழுத்தம் தராவிட்டால், பிழைக்கும் வாய்ப்பு நிமிடத்துக்கு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அதனால் ஷெரிஃப் (கவுண்டி காவல்துறை) வண்டிகளில், மின்னதிர்வு கொடுத்து இதயத்துடிப்பை மீட்கும் ஏஇடி கருவி வையுங்கள். ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டையும் வையுங்கள். 911 என்ற அவசர எண்ணில் அழைப்பை எடுப்பவருக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்று தொலைபேசியிலேயே சொல்லிக்கொடுக்கப் பயிற்சி கொடுங்கள்.

முகவரியும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். முன்பு "கிராமப் பாதை 2, பெட்டி 114" என்றால் தபால்காரருக்கு மட்டுமே புரியும். பல கவுண்டிகள் மைலுக்கு 1,000 எண் என்று பிரித்துக் கதவு எண் கொடுத்தன. 2340 என்றால் சாலை தொடங்கும் இடத்திலிருந்து 2.34 மைல், ஒற்றை எண் ஒரு பக்கம், இரட்டை எண் மறுபக்கம். எண் பலகை இரண்டு பக்கமும் ஒளிர வேண்டும். வீட்டுச் சுவரில் மாட்டாமல் சாலையோரத்தில் நட வேண்டும். நள்ளிரவில் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டால், நீளமான வண்டியைத் திருப்ப இன்னொரு வீட்டின் நுழைவுப் பாதை கிடைக்கும்வரை போக வேண்டியிருக்கும்.

கவுண்டியில் இருப்பது ஒரே வண்டி என்றால், நோயாளியை ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதுதான் பெரிய ஓட்டை. 90 மைல் தொலைவிலுள்ள நகர மருத்துவமனைக்கு ஒருவரை ஏற்றிப்போய்த் திரும்ப நாலு மணி நேரமாவது ஆகும். அதுவரை கவுண்டியே காலி. ஓய்விலிருக்கும் குழுவைக் கூப்பிட்டு அனுப்ப ஏற்பாடு வேண்டும். பக்கத்துக் கவுண்டியோடு எழுத்து ஒப்பந்தமும் வேண்டும். "கேட்டால் வருவார்கள்" என்பது ஒப்பந்தம் ஆகாது.

பணத்துக்கு இரண்டு வழிகளை முதலில் பாருங்கள். ஊரிலுள்ள சிறு மருத்துவமனை 'கிரிட்டிக்கல் ஆக்ஸஸ்' (கிராமப்புறச் சிறு மருத்துவமனைகளுக்கு மெடிகேர் தரும் தனித் தகுதி) பெற்றதாக இருந்து, ஆம்புலன்ஸையும் அதுவே நடத்தி, 35 மைலுக்குள் வேறு ஆம்புலன்ஸ் இல்லையென்றால், மெடிகேர் செலவுக் கணக்கின்படி 101 சதவீதம் தரும். இந்த விதி தெரியாமல் தனியாக நடத்தி நொடித்துப்போவது பெரும் இழப்பு. மற்றது சொத்து வரி. ஒரு 'மில்' என்பது 1,000 டாலர் வரி மதிப்புக்கு ஒரு டாலர். மொத்த மதிப்பு 20 கோடி டாலர் உள்ள கவுண்டியில் ஒரு மில் 2 லட்சம் டாலர் தரும். பத்துப் பேரின் சம்பளத்துக்கே அது போதாது. எத்தனை மில் வேண்டும் என்பதை ஆள் கணக்கிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். வரிக்குக் காலவரம்பு இருந்தால், முடிவதற்கு ஓராண்டு முன்பே வாக்கெடுப்புக்குக் கொண்டுபோங்கள். முதல் தடவை தோற்றாலும் மறுபடி கேட்க ஒரு தேர்தல் மிச்சமிருக்கும்.